காவடியோடு நடந்த பாட்டு

பங்குனி உத்திரத்தன்று களமருதூர்ச் சாலை ஓரத்தில் நின்றால், காவடி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் ஓசை வந்துவிடும். முதலில் பம்பை, பிறகு உடுக்கை, அப்புறந்தான் மயிற்பீலி. காவடி எடுப்பவர் நடக்கிறார் என்றும் சொல்ல முடியாது. ஆடுகிறார் என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு துள்ளல். அந்தத் துள்ளலுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பாட்டைச் செய்தவர், இங்கிருந்து வெகுதூரம் தெற்கே, சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 1865-இல் பிறந்த அண்ணாமலை ரெட்டியார்.

அவர் படிக்காத பாமரர் அல்லர். திருவாவடுதுறை மடத்தில் சில காலம் இருந்து, தம்மைவிடப் பத்தே வயது மூத்த உ. வே. சாமிநாதையரிடம் நன்னூல் பாடம் கேட்டவர். சங்கரன்கோவில் இறைவன் மீது திரிபந்தாதி பாடியவர். திரிபந்தாதி என்றால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். நான்கு அடியிலும் முதலெழுத்து மட்டும் மாறி, அடுத்து வரும் எழுத்துகள் அப்படியே திரும்ப வரவேண்டும். ஒவ்வோர் அடியிலும் பொருள் மட்டும் வேறாக இருக்கவேண்டும். கழைக்கூத்தாடியின் வித்தைதான்! பார்த்து வியக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த நூலை இன்று புலவர்களைத் தவிர யார் தேடுகிறார்கள்?

ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழி நெடுகக் கவிராயர் சிந்து பாடிக்கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், பாட்டைக் கேட்டால் அது உட்கார்ந்து எழுதியதாகத் தோன்றவில்லை. வெண்பாவை நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். சிந்து நிற்க விடாது. தாளத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஓர் எழுத்து வந்து உட்கார வேண்டும்; எழுத்து இல்லாத இடத்தில் முந்தைய எழுத்து நீண்டு இடத்தை நிரப்ப வேண்டும். காவடிச் சிந்து அவருக்கு முன்பே ஜனங்களின் வாயில் இருந்த சரக்கு. அவர் செய்த புதுமை, திரிபந்தாதியில் பழகிய கையை அந்தத் தெருப்பாட்டுக்குக் கொடுத்ததுதான். எதுகையும் இயைபும் சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஆனால் எந்தக் கண்ணியும் காலைத் தடுக்கவில்லை.

அதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் இப்படி ஒரு சங்கதி நடந்தது. அர்ஜென்டினாவில் 1861-இல் பிறந்தவர் ஆங்கெல் வில்லோல்டோ. அங்கே டாங்கோ என்பது ஏழை எளியவர்கள் ஆடிய ஆட்டம். கௌரவமானவர்கள் முகம் சுளித்தார்கள். வில்லோல்டோ செய்த 'எல் சோக்ளோ' 1903-இல் போனஸ் அயர்ஸ் உணவு விடுதி ஒன்றில் அரங்கேறியபோது, டாங்கோ என்ற பெயரையே மறைத்து, 'நாட்டு நடனம்' என்றுதான் வாசித்தார்களாம். சோக்ளோ என்றால் மக்காச்சோளக் கதிர். நம் கள்ளக்குறிச்சிச் சீமைக்காரருக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

நம்மவருக்கு அந்த ஒளிமறைவு தேவைப்படவில்லை. முருகன் பெயர் இருந்ததால் ஜமீன் மாளிகையிலும் தெருவிலும் ஒரே பாட்டைப் பாட முடிந்தது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதிக்குக் கழுகுமலை அடுத்த வீடு மாதிரி. 1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தில் அவர் சிந்தைத் தைரியமாகக் கையாண்டதற்குப் பின்னால், இந்தச் சென்னிகுளத்துக்காரர் போட்ட பாதையும் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பாரதி சிறு பையனாக இருந்தபோதே, 1891-இல், ரெட்டியார் காலமானார். வயது இருபத்தாறு. வில்லோல்டோ 1907-இல் பாரிசுக்கே போய்த் தம் பாட்டுகளை இசைத்தட்டில் பதித்துவிட்டு வந்தார். ரெட்டியாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் நாட்டில் கிராமபோன் பதிவு தொடங்கியதே 1902-இல்தான். ஆகவே அவர் குரலை நாம் கேட்க வழியில்லை. அச்சில் இருப்பது எழுத்து மட்டுமே. மெட்டைக் காவடி தூக்கியவர்கள் வாயும் காலுமாகத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தார்கள். சங்கீத வித்துவான்கள் அதைக் கச்சேரியின் பிற்பகுதியில் துக்கடாவாகச் சேர்த்துக்கொண்டது பிறகுதான்.