பழைய மனையும் கட்டட விதியும்

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்” என்பது தமிழ் வழங்கும் இடமெல்லாம் வழங்கும் பழமொழி. பிற ஊர்களில் இவை இருவேறு பாரங்கள். எங்கள் கிழக்கிலங்கையிலோ இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மூதூரிலும் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மணம் முடிக்கும் வழக்கத்தினர். மணமகன் மனைவியின் மனைக்கு வந்து குடியேறுவான். மூத்த மகளுக்குத் தம் வீட்டையே ஈந்துவிட்டுப் பெற்றோர் அதே வளவின் ஒரு மூலையில் சிறு வீடு கட்டி ஒதுங்குவதும், இளையவளின் மணத்தின்போது அதனையும் விட்டு மீண்டும் ஒதுங்குவதும் இங்கே காணக்கூடியவை. ஆதலின் எங்கள் வீடுகள் தலைமுறைதோறும் வளர்வன. கிடுகு வேய்ந்த மண்வீட்டின் முன்னே ஒரு கல்லறை எழும். பின்னர் விறாந்தை சேரும். பின்னர் ஓடு ஏறும். கடைசியில் குசினி கிணற்றருகே நகரும்.

இவ்வாறு வளரும் வீட்டிற்கு அரசாங்கத்தின் விதி எதற்கு என்று வினவுவோர் பலர். “என் வளவு, என் காசு, என் மகள்; இதில் சபைக்கு என்ன வேலை?” என்பர். இவ்வினாவிற்கு விடை வரலாற்றில் உண்டு.

1659ஆம் ஆண்டில் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் புயலிற் பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவில் வந்து நங்கூரமிட்டது. அக்கப்பலில் வந்த இளைஞர் இறொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிற் சிறையிருந்து, தப்பியோடிய பின்னர் 1681இல் இலண்டனில் தம் நூலை வெளியிட்டார். குடிமக்கள் ஒரு தட்டிற்கு மேல் வீடு கட்டலாகாது, ஓடு வேயலாகாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாகாது என்று மன்னன் ஆட்சியில் இருந்த தடைகளை அந்நூலில் அவர் குறித்துள்ளார். இதுவும் ஒரு கட்டட விதிதான். ஆயினும் அது எவரையும் தீயினின்றோ நோயினின்றோ காப்பதற்கு எழுந்ததன்று. உயர்ந்தோர் வீடு உயர்ந்தோர் வீடாகத் தோன்றவேண்டும் என்பதே அதன் நோக்கம். “சபைக்கு என்ன வேலை?” என்று வெகுளும் நம்மவர் உள்ளத்தில் இருப்பது இத்தகைய விதியின் நிழலே போலும்.

வேறு வகை விதிகளும் உலகில் உண்டு. அவை பெரும்பாலும் ஏதேனுமோர் அழிவின் மறுநாள் பிறந்தவை. 1666இல் இலண்டன் மாநகரம் தீக்கிரையாயிற்று. மறு ஆண்டே, புதிய வீடுகளின் புறச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமையவேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள். 1896இல் பம்பாயிற் கொள்ளைநோய் பரவியது. காற்றும் ஒளியும் புகாத நெருக்கமான வீடுகளே நோய்க்கு உறைவிடம் என்று கருதியோர், இரு கட்டடங்களுக்கிடையே எவ்வளவு வெளி விடவேண்டும் என்பதை ஒரு கோணத்தால் அளந்தனர். அறுபத்துமூன்றரைப் பாகை என்பது அக்கோணம். எளிமையாகச் சொல்வதாயின், பத்து அடி வெளி விட்டவன் எதிரே இருபது அடி உயரம் வரை எழுப்பலாம்.

1914இல் அதே நோய் கொழும்புத் துறைமுகத்தையும் வந்தடைந்தது. அடுத்த ஆண்டு, 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, பட்டின மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நூறாண்டு கடந்த பின்னரும் நம் உள்ளூராட்சிச் சபைகள் வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி வழங்குவதற்கு அடிப்படையாக நிற்பது அச்சட்டமே. புதிய வீட்டிற்கு மட்டுமன்றிப் பழைய வீட்டிற் செய்யும் மாற்றத்திற்கும் அனுமதி வேண்டும் என்பது அதன் சிறப்பு. புறச்சுவர் எழுப்புதல், வீட்டின் உயரத்தையோ பரப்பையோ கூட்டுதல், குடியிருப்பதற்கென்று கட்டாத கொட்டிலைக் குடியிருப்பாக்குதல், இரு சுவர்களுக்கிடையே திறந்திருந்த வெளியைக் கூரையால் மூடுதல் ஆகியவற்றை அது மாற்றம் எனக் கொள்கின்றது. வெள்ளையடிப்பதும் உடைந்த ஓட்டை மாற்றுவதும் வெறும் பழுதுபார்ப்பே. வேலை முடிந்ததும், கட்டியது வரைபடத்திற்கு இசைவாகவே உள்ளது என்னும் சான்றிதழைப் பெற்ற பின்னரே புதிய கட்டடத்திற் குடிபுகவேண்டும்.

திறந்த வெளியைக் கூரையால் மூடுதல் என்பதை நேயர்கள் உற்றுநோக்க வேண்டும். நம் முன்னோர் நடுமுற்றத்தைத் திறந்து வைத்தது காற்றிற்காகவும் ஒளிக்காகவும் அன்றோ? இரண்டாம் மகளுக்கு அறை வேண்டுமென்று முற்றத்தின்மேல் தகடு போடுகின்றவன், முதல் மகளின் வீட்டை இருட்டாக்கிவிடுகின்றான். விதி இங்கே முன்னோரின் பக்கமே நிற்கின்றது.

அயலவர் உரிமையும் இத்தகையதே. 1658 முதல் 1796 வரை இத்தீவின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் ஒல்லாந்தச் சட்டம், ஒருவன் கூரையின் தாழ்வார நீர் மற்றவன் நிலத்தில் விழுவதைத் தனியொரு உரிமையாகவே கருதுகின்றது. அவ்வுரிமை இல்லாதவன் நீரைத் தன் வளவிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும். உடன்பிறந்த இருவர் ஒரு வளவைப் பங்கிட்டுக்கொண்ட இடங்களில் வேலிச்சண்டைக்கு வித்திடுவது ஒரு சாண் தாழ்வாரமே என்பதை ஊரறியும்.

இனி, எம் தலைமுறை கண்ட பேரழிவிற்கு வருவோம். 2004 திசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள் கிழக்குக் கரையைத் தாக்கியது, மூதூரும் தப்பவில்லை. அதன்பின் அரசாங்கம் கடலோரத்திற் கட்டடம் எழுப்பத் தடை விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்பது அத்தடையின் எல்லை. வீட்டின் சேதம் நூற்றுக்கு 40 வீதத்திற்கு மேற்பட்டால் முழுச்சேதம், குறைந்தால் பகுதிச்சேதம். முழுச்சேதத்திற்கு 250,000 ரூபாயும் பகுதிச்சேதத்திற்கு 100,000 ரூபாயும் உதவித்தொகை. தடை எல்லைக்குட் பகுதிச்சேதமுற்ற வீட்டைத் திருத்தலாம். முழுச்சேதமுற்றதை அவ்விடத்தில் மீளக் கட்டலாகாது. பழுதுபார்ப்பா, புதுக்கட்டடமா என்னும் பழைய வினா ஒரு குடும்பம் கடலோரத்தில் வாழ்வதா பெயர்வதா என்பதைத் தீர்மானித்தது. கடலை நம்பிப் பிழைக்கும் மீனவர் வள்ளத்தையும் வலையையும் விட்டு எங்ஙனம் உள்ளே செல்வர்? இக்குரல் எங்கும் எழுந்தமையால் பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. எனினும் 1981இன் கரையோரப் பேணற் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குட்பட்ட கரையோர வலயத்திற் கட்டடம் எழுப்புவோர் தனி அனுமதி பெறுதல் வேண்டும்.

கடல் ஓய்ந்து இரண்டாண்டு நிறைவதற்குள், 2006 ஆகத்து மாதத்திற் போர் மூதூருக்குள் வந்தது. மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் சென்றனர். இத்தகைய நாட்களில் உறுதிப்பத்திரம் பெட்டியிற் கிடக்க மனிதர் மட்டும் தப்புவதுண்டு. அத்தகையோர் திரும்பி வந்து, “இது என் தாய் தந்த வீடு” என்று கூறுகையில் எதனைக் காட்டுவர்? சபையின் கோப்பில் அனுமதி பெற்ற வரைபடத்தின் ஒரு படி இருக்குமாயின், அந்த வீடு அங்கே நின்றதற்கு அதுவே சாட்சி. வீட்டைச் சீதனமாகப் பெற்ற பெண்ணுக்கு அவளுடைய தேட்டமெல்லாம் அந்த வீடே. சபையிற் கட்டும் சிறு கட்டணத்தை வீண்செலவென்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

விதியெல்லாம் குறையற்றது என்று யான் கூறவில்லை. வரைபடம் வரைவிக்கும் செலவும், அலுவலகத்திற்குப் பன்முறை அலையும் நாட்கூலி இழப்பும் ஏழைக்குப் பெருஞ்சுமை. மாநகரத்திற்கு எழுதிய அளவுகள் பத்துப் பேர்ச் வளவில் மூன்று பெண்மக்களுக்கு இடம் தேடும் தந்தைக்குப் பொருந்தாமற் போவதும் உண்டு. இவற்றைச் சபையிடம் எடுத்துரைத்துத் திருத்தம் கேட்பது குடிமக்களின் உரிமை.

ஆயினும் நேயர்களே, ஒரு விதியைக் கண்டவுடன் வெகுளாமல், அது எந்த அழிவின் மறுநாள் பிறந்தது என்று கேளுங்கள். மன்னனின் பெருமைக்காகப் பிறந்ததாயின் அது காலத்தோடு கழியட்டும். தீயையும் நோயையும் கடலையும் கண்டவர்கள் எழுதியதாயின், அதில் நம் பிள்ளைகளுக்குரிய காப்பு உண்டு. வீட்டிற்கு அறையொன்று சேர்க்கும் முன், இருக்கும் வீட்டை அளந்து ஒரு தாளில் வரையுங்கள். காற்று எத்திசையில் வருகின்றது, மழைநீர் எங்கே இறங்குகின்றது, கிணற்றிற்கும் மலக்குழிக்கும் எத்துணைத் தூரம் என்று குறியுங்கள். அத்தாளோடு சபைக்குச் செல்லுங்கள். பழைய மனை புதிய மருமகனை வரவேற்க விரிவடையட்டும். அதன் முற்றத்தில் வெயிலும் விழட்டும்.