காணாமற்போன இரவுச் சட்டை

துப்பறியும் நாவல் வாசிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "சேர், இப்படியெல்லாம் உண்மையில் நடக்குமா?" நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1860 ஜூன் 29 இரவு, இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ரோட் என்ற சிறு கிராமம். பெரிய வீட்டுக்காரரான சாமுவேல் கென்ட்டின் மூன்று வயது மகன் படுக்கையிலிருந்து காணாமல்போனான். காலையில் வளவிலிருந்த மலசலகூடத்தில் உடல் கிடைத்தது. முதலில் கைதானவர் யார் தெரியுமா? பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்.

பிறகு லண்டனிலிருந்து ஜொனதன் விச்சர் வந்தார். 1842இல் ஸ்கொட்லன்ட் யார்ட் துப்பறியும் பிரிவைத் தொடங்கியபோது சேர்ந்த எட்டுப் பேரில் ஒருவர், ஒரு தோட்டக்காரரின் மகன். அவர் கேட்டது சலவைக் கணக்கை. கென்ட்டின் மூத்த தாரத்து மகள் கொன்ஸ்டன்ஸுக்கு வயது 16. அவளுடைய மூன்று இரவுச் சட்டைகளில் ஒன்றைக் காணவில்லை. "துவைக்கிற பெண் தொலைத்துவிட்டாள்" என்றது வீடு. சட்டை தன்னிடம் வரவே இல்லை என்றார் அந்தப் பெண். விச்சர் நம்பியது அவரைத்தான். கொன்ஸ்டன்ஸைக் கைது செய்தார்.

சாட்சியம் போதவில்லை என்று அவள் விடுவிக்கப்பட்டாள். கௌரவமான குடும்பத்துப் பெண்ணின் உடுப்பை ஒரு சாதாரண பொலிஸ்காரன் கிளறுவதா என்று பத்திரிகைகள் கொதித்தன. பணிப்பெண்ணை மீண்டும் கைது செய்தார்கள். அவர்மீதும் எதுவும் நிரூபணமாகவில்லை. விச்சர் பெயர் கெட்டு, உடல்நலமும் கெட்டு, 1864இல் ஓய்வு பெற்றார்.

1865இல் கொன்ஸ்டன்ஸ் தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாறியது. 20 வருடங்கள் சிறையில் இருந்தாள்.

1868இல் வில்கி கொலின்ஸ் 'தி மூன்ஸ்டோன்' எழுதினார். திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளைபோன ஒரு வைரம், பிறகு இங்கிலாந்தின் கிராமத்து மாளிகையொன்றில் மறைகிறது. அங்கும் துப்பறிபவர் சலவைப் புத்தகத்தைக் கேட்கிறார்; கறைபட்ட இரவுச் சட்டையைத் தேடுகிறார். அங்கும் சந்தேகம் முதலில் இந்தியர்கள்மீதும், பிறகு ஏழைப் பணிப்பெண்மீதும் விழுகிறது. எடுத்தவர் யார் என்று நான் சொல்லமாட்டேன், வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் காசு காணாமல்போனது. நான் முதலில் திறந்தது, வகுப்பிலேயே ஏழைப் பிள்ளையின் பையை. காசு, தொலைத்தவனின் கொப்பிக்குள்ளேயே இருந்தது. பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பையைத் திறந்ததை வகுப்பே பார்த்திருந்தது. மன்னிப்புக் கேட்டதை ஒருவரும் பார்க்கவில்லை.