போறணையும் கிணற்றடியும்: எங்கட வீடுகளின் மாரிகாலம்

போன மார்கழியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கேக் அடித்தோம். படிப்புக்காக வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டில் ஓவன் எல்லாம் கிடையாது. எங்களில் ஒருத்தியின் அம்மா தொலைபேசியில் சொல்லித்தந்த முறைதான்: பெரிய சட்டிக்குள்ள இரண்டு விரல் உயரத்துக்கு மணல், அதை நல்லாச் சூடாக்கி நடுவில கேக் தட்டு, மேல தகர மூடி, மூடிக்கு மேல சிரட்டைத் தணல். அடி கருகிவிட்டது. நடுப்பகுதி ஈரமாகவே இருந்தது. கருகினதைக் கத்தியால் சுரண்டிப்போட்டு, மிச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி அயலில் இருக்கிற நாலு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்களில் இரண்டு பேர்தான் கிறிஸ்தவர்கள். வாங்கின நாலு வீடும் சைவ வீடுகள். ஒருத்தரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. "பிள்ளையள், சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" எண்டு மட்டும் ஒரு அன்ரி சொன்னா.

தைப்பொங்கல் அன்று காலமை அதே அன்ரி ஒரு பெரிய பீங்கான் கோப்பையில் புக்கை கொண்டுவந்து தந்தா. புக்கை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் பிரச்சினை: இதைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளுக்கு என்ன போடுறது? வெறுங்கோப்பை திருப்பிக் கொடுக்கக்கூடாது எண்டு எங்களுக்கு ஆரும் வகுப்பெடுத்ததில்லை. ஆனால் யாழ்ப்பாணம், மன்னார், ஹற்றன் எண்டு மூன்று திசைகளில் இருந்து வந்த ஆறு பேருக்கும் அது தெரிந்திருந்தது. வரலாறு படிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் தோண்டாமல் விடமாட்டார்கள். கேக்கையும் கோப்பையையும் தோண்டத் தொடங்கினோம்.

முதலில் சொற்கள். நாங்கள் கேக்கைக் கருக்கின இடம் குசினி. அது போர்த்துக்கீசச் சொல். பாண், பாணைச் சுடுகிற போறணை, விசுக்கோத்து, பலகாரம் பொரிக்கிற தாச்சி, நாங்கள் குந்தியிருந்த வாங்கு எல்லாம் அதே கப்பலில் வந்தவை. சரி, குசினியை விட்டு வளவுக்குள் இறங்கினால் சுத்தத் தமிழ் கிடைக்கும் எண்டு நினைத்தால் அதுவும் இல்லை. வேலிக்குக் கதியால் போடக் கிடங்கு கிண்டுகிற அலவாங்கும் போர்த்துக்கீசம்தான். கிணற்றடியில் நிற்கிற பப்பாசி, பின்வளவுக் கொய்யா, மரவள்ளி, மிளகாய் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1505 இல் போர்த்துக்கேயர் இந்தத் தீவில் கால் வைக்கிறதுக்கு முன்னம் இங்கே உறைப்பு எண்டால் மிளகுதான். 1619 இல் அவர்கள் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், 1658 இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போனார்கள். கோட்டையும் கோவில் இடிப்பும் எங்கட பாடப்புத்தகத்தில் இருக்கு. தாச்சியும் மிளகாயும் அதில் இல்லை. (தொண்ணூறுகளில் வடக்கில் பேக்கரிப் பலகைகளை எல்லாம் 'வெதுப்பகம்' ஆக்கினார்கள். பலகை சில இடங்களில் இப்பவும் நிற்குது. உள்ளுக்குப் போகிறவர்கள் 'ஒரு றாத்தல் பாண்' எண்டுதான் கேட்கிறார்கள்.)

இலங்கைக்கே உரிய லவ் கேக்கின் வேரும் அந்தப் பக்கம்தான் எண்டு சொல்லுவார்கள். பறங்கியர் வீடுகளில் வளர்ந்து எல்லார் வீட்டுக்கும் பரவின பண்டம் அது. கோதுமை மா இல்லாமல் ரவை, மரமுந்திரிகைப் பருப்பு, பூசணித் தோசி, பன்னீர், தேன். பழைய குறிப்புகளில் முட்டை மஞ்சள்கரு மட்டும் இரண்டு டசினுக்குக் கிட்டப் போகும். 1929 இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் புத்தகம் இப்படியான வீட்டுப் பண்டங்களை அச்சில் ஏற்றியது. இங்கிலிஷ் வாசிக்கிற, முட்டையும் வெண்ணெயும் வாங்கக்கூடிய வீடுகளுக்கான புத்தகம் அது. எங்கட அம்மம்மாமாரிடம் அந்தப் புத்தகம் இருக்கவில்லை. கொப்பியில் எழுதினது, வாயால் சொன்னது, பக்கத்து வீட்டில் நிண்டு பார்த்தது, அவ்வளவுதான். ஆனாலும் கேக் வந்து சேர்ந்தது. வேலிக்கு மேலால் வந்தது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

வேலி எண்டவுடன் எங்கட ஊரைப் பற்றி ஒரு கெட்ட பேர் உண்டு: வேலிச் சண்டை. அரையடி காணிக்கு மூன்று தலைமுறை வழக்காடின குடும்பங்கள் இருக்கு, மறுக்கேல்ல. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் இசாக்ஸ் தொகுத்து, 12 முதலிமார் பார்த்துச் சரி எண்டு சொன்ன தேசவழமையை இந்தக் கண்ணோடு ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. சீதனம் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். ஆனால் அதில் தோட்டம், காணி பற்றி ஒரு பகுதி இருக்கு. அயலவரின் நிலத்துக்கு மேல் சாய்கிற மரத்தின் பழம் ஆருக்குச் சேரும் எண்ட கேள்வி வரை அதில் போகுது. நன்கொடைக்குத் தனியாக ஒரு பகுதி. சட்டம் எழுதுகிற அளவுக்கு இந்தச் சமூகம் மரத்தையும் கொடையையும் பெரிய விஷயமாக எடுத்திருக்கு. சண்டை பிடிக்கிற அதே வேலியில்தான் கிளுவையும் பூவரசும் நிண்டு ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் தந்தன. பொட்டு வழியாகக் கோப்பை போய்வந்ததும் அதே வேலியால்தான்.

அந்த வளவுக்கு ஒரு ஆண்டு ஒழுங்கு இருந்தது. ஆடியில் கூழும் கொழுக்கட்டையும். பனம்பழம் விழுகிற காலத்தில் பனங்காய்ப் பணியாரமும் பாயில் காய்கிற பனாட்டும். புரட்டாசியில் பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் தை, மாசியில் கிழங்கு. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். ஐப்பசி மழையோடு நாற்று. கிணற்றடியில் குளிக்கிற தண்ணி வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும். ஒரு வாளி வீணாகாது. மார்கழியில் கத்தரி, வெண்டி, பயித்தை எல்லாம் ஒரேயடியாகக் காய்க்கும். சந்தையில் விலையே இருக்காது. அப்போ என்ன செய்யிறது? அயலுக்குக் கொடுக்கிறது. இதில் பெருந்தன்மையும் உண்டு, குளிர்சாதனப் பெட்டி இல்லாததும் உண்டு. எங்களுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியேல்ல.

இந்த இடத்தில் கோதுமை மாவுக்கு வருவோம், கேக்குக்கு அதுதானே வேணும். இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவில் இருந்துதான் வந்தது. 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தவுடன் அது நிண்டுபோச்சு. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அரிசி போதாத இடத்துக்குக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தும் மா திரும்பிப் போகவில்லை. 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறி, ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு முடங்கி, டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிறகு அமெரிக்க உதவியாகவும் மா வந்தது. எங்கட வீடுகளில் இப்பவும் வயசானவை அதை 'அமெரிக்கன் மா' எண்டுதான் சொல்லுவினம். அதை எங்கட பெண்கள் என்ன செய்தார்கள் எண்டதுதான் எங்களுக்குப் பிடித்த பகுதி: துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, புட்டும் இடியப்பமும் ஆக்கினார்கள். அமெரிக்காவின் உபரித் தானியம் மூங்கில் குழலுக்குள்ள போய்த் தேங்காய்ப்பூவோடு வெளியில வந்தது. மிஞ்சின மாவில் வருசத்துக்கு ஒருக்கா கேக்.

எழுபதுகள். சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்தது. யாழ்ப்பாண விவசாயி தலை நிமிர்ந்தான். மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினவை இருக்கினம். பிளம்ஸ் இல்லாத கேக்கும் பாண் வரிசையும் அந்தக் காலத்துக் கதைகளில் பகிடியாகத்தான் வரும். 'உற்பத்தி செய்து சாப்பிட்ட காலம்' எண்டு எங்கட தாத்தாமார் பெருமையாகச் சொல்லுவினம். நாங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்போம், ஹற்றன் பக்கத்துத் தோழி இல்லாவிட்டால்.

அவ இந்தக் கட்டுரையின் முதல் வரைவை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "எல்லாம் சரி, தோட்டம் போட நிலம் யாருகிட்ட இருந்திச்சு?"

1974 இல் பெருந்தோட்டங்களில் மரண வீதம் திடீரென்று ஏறியது. பங்கீடு குறைந்து, மாவின் விலை கூடி, வேலை நாள் குறைந்தபோது லயத்தில் இருந்த மனிதர்களுக்கு விழ வேறு இடம் இல்லை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனம். காணி அவர்கள் பேரில் இல்லை. லயத்துக்கு முன்னால் துரைமார் விட்ட துண்டில்தான் நாலு கீரை. நாடு முழுக்க 'பயிரிடுங்கள்' எண்டு அரசாங்கம் சொன்ன அதே ஆண்டுகளில், இந்த நாட்டில் ஆகக்கூடுதலாகப் பயிரோடு நிண்ட சனம் பட்டினியில் செத்தது. தோழியின் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டாவாம். ஆனால் இப்பவும் ரொட்டிக்குக் குழைக்கிற மாவில் ஒரு பிடியை எடுத்து வேறு பேணியில் போட்டு வைப்பாவாம். ஆருக்கு எண்டு கேட்டால், "யாராச்சும் வருவாங்க" எண்டு மட்டும் சொல்லுவாவாம்.

அதுக்குப் பிறகு எங்கட மிளகாய்க் கதையைப் பழைய மாதிரி எழுத முடியவில்லை. விட்டுவிட்டோம்.

1990 ஆனியில் போர் திரும்பத் தொடங்கியபோது எங்கட அம்மாக்கள் இப்ப எங்களுக்கு இருக்கிற வயசில் அல்லது அதுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி எல்லாம் எட்டாத விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு எண்ணெயில் எரித்த விளக்கில் படித்தார்கள். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ. மணல் சட்டிக் கேக் எங்களுக்கு வந்தது இந்த வருசங்களில் இருந்துதான். மாஜரின் கிடைக்காத வருசம் தேங்காயெண்ணெயில் அடித்ததாக அந்த அம்மா சொன்னா. "நல்லா இருந்ததோ அன்ரி?" எண்டு கேட்டோம். "நல்லா இல்லை. ஆனா ஒரு துண்டும் மிஞ்சேல்ல."

இதைக் கேட்டு நாங்கள் உருகிப்போனோம் எண்டது உண்மை. 'எளிமையான வாழ்க்கை' எண்டு இன்ஸ்ரகிராமில் போடக்கூடிய படம் மாதிரித்தான் இருந்தது. அவவே எங்களைத் தடுத்தா. விறகு கொத்தினது ஆர், தணலுக்குப் பக்கத்தில் மூன்று மணித்தியாலம் இருந்தது ஆர், துலாவால் தண்ணி அள்ளிக் கத்தரிக்கு ஊத்தினது ஆர் எண்டு வரிசையாகக் கேட்டா. தானும் தன் அம்மாவும்தான். "அப்பா துண்டு வெட்டேக்க வருவார்."

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் ஓர் இரவில் கிளம்பியது. அது ஐப்பசி; நாற்று நட்டுப் பத்து நாள்கூட ஆகாத தோட்டங்கள். எங்களில் இன்னொருத்தியின் அம்மம்மா வீட்டை விட்டு எடுத்த பொருட்களில் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் இருந்தது. அதுக்குள்ள சாம்பலில் பிரட்டி வைத்த பயித்தை விதையும் வெண்டி விதையும். நாவற்குழிப் பாலத்தில் சனம் நகரமுடியாமல் மழைக்குள்ள நிண்ட இரவில் அந்தப் போத்தலை மடியில் வைத்திருந்தாவாம். தென்மராட்சியில் ஒரு வீட்டுக்காரர் தன் கிணற்றையும் விறாந்தையையும் விட்டுக்கொடுத்தார். அடுத்த ஆண்டு திரும்பிப் போகும்போது கொடுக்க அம்மம்மாவிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. அந்த வளவிலேயே நட்டு எடுத்த விதையில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தாவாம்.

2020 இல் மஞ்சள் இறக்குமதி நிண்டு, கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போய், பாக்குநீரிணையால் படகில் மஞ்சள் கடத்தினார்கள். பூச்சாடியில் மஞ்சள் நட்ட வீடுகள் அப்போதான் பெருகின. 2021 இல் இரசாயனப் பசளைத் தடை. அந்த ஆண்டு கார்த்திகையில் திரும்பப் பெற்றார்கள், அதுக்குள்ள விளைச்சல் போய்விட்டது. 2022 ஆனியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள், வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி. எங்கட வீடுகளில் அதைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள்; கிணறும் வளவும் இருந்தது, கை பழகியிருந்தது. தோழியின் அம்மா கொழுந்து எடுக்கிறவ. அவவுக்கு அந்த வெள்ளிக்கிழமை இல்லை. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு எண்டு 2023 இல் நினைவுகூர்ந்தார்கள். காணிக் கதை இன்னும் 7 பேர்ச்சஸா, 10 பேர்ச்சஸா எண்ட கணக்கில்தான் நிற்குது.

தை விடுமுறை முடிந்து வரும்போது தோழி ஒரு சொப்பிங் பை கொண்டுவந்தா. உள்ளுக்கு லீக்ஸ் நாற்று, ஈரக் கடதாசியில் சுற்றி. யாழ்ப்பாண வெயிலுக்கு வராது எண்டு எல்லாருக்கும் தெரியும். கிணற்றடியில் வாழை நிழலில் நட்டிருக்கிறோம். பக்கத்தில் எங்கட கத்தரி இரண்டு காய் பிடித்திருக்கு, இன்னும் சின்னன். அன்ரியின் கோப்பை குசினித் தட்டில்தான் கிடக்குது. நேற்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளையள், கோப்பைக்கு அவசரம் இல்லை" எண்டு சொல்லிப்போட்டுப் போனா.