எல்லையோர ஆலைகளும் தபாலில் வந்த சட்டமும்: ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியில் தொலைவழி வணிகச் சட்டக் கல்வி

ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறு பட்டறை. லேத்தில் கடைந்து முடித்த ஷாஃப்ட்டுகள் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்காகப் பொம்மசந்திராவுக்குப் போக வேண்டும். இருபது கிலோமீட்டருக்குள் அடங்கும் பயணம்தான். ஆனால் வண்டி எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டியதும் சரக்கு தமிழ்நாட்டை விட்டுக் கர்நாடகத்துக்குள் போய்விடுகிறது. ஜாப் ஒர்க்குக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால், அதன் மதிப்பு நூறு ரூபாயானாலும் இ-வே பில் எடுத்தாக வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 138. அதே சரக்கைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினால், குறைந்த மதிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கலாம் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு.

இதையெல்லாம் தெரிந்து டெலிவரி சலான் எழுத வேண்டியவர் வக்கீல் அல்ல, டெஸ்பாட்ச் பகுதியில் வேலை பார்ப்பவர். அவர் சட்டத்தை எங்கே, எப்போது, எந்த மொழியில் படித்தார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியில் வணிகச் சட்டக் கல்வி பெரும்பாலும் கல்லூரி வகுப்பறை வழியாக வரவில்லை. தபால் பை வழியாகவும், வார இறுதி கான்டாக்ட் கிளாஸ் வழியாகவும், பிறகு இணையம் வழியாகவும் வந்தது. வழக்காடும் உரிமைக்கு வகுத்த விதிகளே சட்டக் கல்வி முழுவதற்கும் அளவுகோலானதால், அந்த வழி அகலமாகாமலே நின்றுவிட்டது.

எல்லையும் ஆலையும்

சட்டம் படிக்க ஊரைவிட்டுப் போவது இப்பகுதிக்குப் பழைய வழக்கம். 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டப் படிப்பும் சென்னையில் சட்டமும் படித்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். அன்று ஓசூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டமும், 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. மாவட்டத் தலைமையிடம் மாறிக்கொண்டே வந்தாலும், மேல்படிப்பு என்றால் பெங்களூரையே பார்க்கும் பழக்கம் மாறவில்லை.

1971-இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம், பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழிலைக் கொண்டுபோகும் நோக்கத்தில் ஓசூரைத் தேர்ந்தெடுத்தது. பெங்களூரின் அருகாமையும் தமிழக அரசின் சலுகைகளும் சேர்ந்ததில் ஆலைகள் வரிசையாக வந்தன. 1980-இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து சாலைக்கு வந்தது. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன், அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் ஓசூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்க நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டும் மாங்கூழும் வெளிநாட்டுக்குப் போயின.

ஒவ்வோர் ஆலையும் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ், டெஸ்பாட்ச் என்று காகிதத்தோடு புழங்கும் ஆட்களைக் கேட்டது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1930-இன் சரக்கு விற்பனைச் சட்டம், 1932-இன் கூட்டாண்மைச் சட்டம், 1956-இன் மத்திய விற்பனை வரிச் சட்டம் ஆகியவை அவர்களுடைய அன்றாட வேலைக்குள் வந்தன. மாநிலத்தின் நடுவே இருக்கும் ஊரில் மத்திய விற்பனை வரி எப்போதாவது தலைகாட்டும். ஓசூரிலோ அடுத்த ஊர் கடைக்காரருக்கு விற்றாலே அது மாநிலம் கடந்த விற்பனை. வாங்கியவரிடமிருந்து ‘சி’ ஃபார்ம் வராவிட்டால் சலுகை வரி போய், கூடுதல் வரி விற்றவர் தலையில் விழும். 2005 ஏப்ரலில் கர்நாடகம் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறியது. தமிழ்நாடு மாறியது 2007 ஜனவரியில். இடைப்பட்ட 21 மாதங்கள் எல்லை ஊரான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு வரி முறை, இந்தப் பக்கம் 1959-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். இரு பக்கமும் கணக்கு வைத்திருந்த அக்கவுன்டன்ட் இரண்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

‘கரஸ்’ காலம்

வேலையில் இருந்துகொண்டே படிக்க வழி பிறந்ததும் ஏறத்தாழ ஆலைகள் வந்த அதே காலத்தில்தான். 1962-இல் டெல்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அவ்வழியில் இறங்கின. ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்பது ஷிப்ட் தொழிலாளியின் அன்றாடப் பேச்சாயிற்று. பி.காம். பாடத்திட்டத்தில் வணிகச் சட்டமும் கம்பெனிச் சட்டமும் தனித்தனித் தாள்கள். தமிழிலேயே எழுதலாம். ஒப்பந்தம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதை இப்பகுதியின் ஆலை ஊழியர்களில் பலர் முதன்முதலாகப் படித்தது இந்தத் தாள்களில்தான்.

பட்டதாரிகளுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பி.ஜி.எல். என்ற பொதுச் சட்ட இளநிலைப் பட்டத்தைத் தபால் வழியே தந்தது. அதை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஆலைகளின் பணியாளர் பிரிவில் இருந்தவர்களும் சட்ட அறிவுக்காகவும் பதவி உயர்வுக்காகவும் அதைப் படித்தார்கள்.

வணிகச் சட்டத்தைத் தொழிலாகவே கொள்ள விரும்பியவர்களுக்கு கம்பெனி செக்ரட்டரி படிப்பு இருந்தது. 1968-இல் உருவான இந்திய கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனம், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சட்டபூர்வ அமைப்பானது. கல்லூரியே இல்லாத படிப்பு அது. பாடப் புத்தகம் தபாலில் வரும். மாணவர் விடைத்தாள் எழுதி அனுப்புவார். திருத்தி மதிப்பெண்ணோடு திரும்பி வரும். இதற்கு வேலைச் சந்தை பிறந்ததும் சட்டத்தால்தான். 1956-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் 383ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்கு மூலதனம் உள்ள கம்பெனிகள் முழுநேர செக்ரட்டரியை வைத்தே ஆக வேண்டும் என்று 1975-இல் நடைமுறைப்படுத்தினார்கள். ஆனால் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். தமிழில் பி.காம். முடித்து வந்தவர் இந்தப் படியில் தடுக்கி நின்றார்.

முப்பது மணி நேரம்

வக்கீல் பட்டத்தின் கதை வேறு. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், சட்டக் கல்வியின் தரத்தைப் பேணும் பொறுப்பை இந்திய பார் கவுன்சிலிடம் தந்தது. வகுப்புக்கு நேரில் வந்து படித்த பட்டத்தை மட்டுமே பதிவுக்கு ஏற்பது கவுன்சிலின் நிலைப்பாடு. 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் அதை மேலும் இறுக்கி, வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேர வகுப்பு வேண்டும் என்றன. அன்று நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டப்படி ஆலைத் தொழிலாளியின் வாரம் 48 மணி நேரம். இரண்டையும் கூட்டினால் 78. பயணமும் ஷிப்ட் மாற்றமும் இதில் சேராது. வேலையை விடாமல் வக்கீலாவது ஓசூர்த் தொழிலாளிக்கு நடக்காத காரியமாயிற்று. அரசுச் சட்டக் கல்லூரியே இப்பகுதிக்கு அருகே, தருமபுரிக்கு, வந்தது 2017-இல்தான்.

பார் கவுன்சிலின் தரப்பிலும் நியாயம் உண்டு. குறுக்கு விசாரணையையும் வாதத்தையும் புத்தகத்தில் மட்டும் படித்துத் தேற முடியாது. கட்சிக்காரரின் உரிமையும் சொத்தும் வக்கீலின் பயிற்சியைப் பொறுத்தவை. 2009-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், முறையான இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தவெளி முறையில் நேரடியாகப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே தரக் கவலையால்தான்.

ஆனால் இந்தக் கவலை நீதிமன்ற வாசலோடு நிற்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள், திறந்தநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாத பட்டப் படிப்புகளின் பட்டியலில் மருத்துவம், பொறியியலோடு சட்டத்தையும் சேர்த்தன. வழக்காட விரும்பாமல், தன் வேலைக்காகச் சட்டம் படிக்க விரும்புபவரையும் அந்தப் பட்டியல் தடுக்கிறது.

எல்லை தாண்டிய வகுப்பறை

எல்லைக்கு அப்பால் ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. பெங்களூரில் 1980-களின் பின்பாதியில் தொடங்கிய தேசிய சட்டப் பள்ளி, எம்.பி.எல். எனும் வணிகச் சட்ட முதுநிலைப் படிப்பைத் தொலைவழியில் நடத்தியது. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். கான்டாக்ட் கிளாஸுக்கு நாகர்பாவி போக வேண்டும். சென்னைக்காரருக்கு ரயில் பயணமாக இருந்தது ஓசூர்க்காரருக்கு டவுன் பஸ் தூரம். பொறியாளரும் கணக்கரும் சட்டம் படிக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இப்பகுதிக்கு அமையவில்லை. ஆனால் அது ஆங்கிலத்தில், பட்டதாரிகளுக்கு மட்டும்.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் வழி கரடுமுரடாகவே இருந்தது. எந்த மாநிலப் பல்கலைக்கழகமும் தன் எல்லைக்கு வெளியே தொலைவழிப் படிப்பு நடத்தக் கூடாது என்று யுஜிசி கறாராகச் சொன்னது. 1996-இல் மைசூரில் தொடங்கிய கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதை மீறியதால் 2015-இல் அங்கீகாரத்தை இழந்து, 2018-இல்தான் திரும்பப் பெற்றது. 2014-15-க்குப் பிறகு தன் ஒப்புதல் இல்லாமல் நடந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தொலைவழிப் படிப்புகள் செல்லாது என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தது. நிறுவனங்கள் செய்த பிழைக்குச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் மாணவர்கள்.

ஒரு செக்கின் கதை

வணிகச் சட்டப் படிப்பு இப்பகுதிக்கு ஏன் அவசியம் என்பதைக் காட்ட ஒரே ஒரு சட்டப் பிரிவு போதும். 1989 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, பணம் இல்லாமல் திரும்பும் செக்கைக் குற்றமாக்கியது. ஓசூர் சப்ளையருக்குப் பெங்களூர் கம்பெனி கொடுத்த செக் திரும்பினால் எந்த ஊர் கோர்ட்டுக்குப் போவது?

1999-இல் கே. பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, செக்கோடு தொடர்புடைய ஐந்து நிகழ்வுகளில் எது நடந்த ஊரிலும் வழக்குப் போடலாம் என்றது. ஓசூர் கோர்ட்டே போதுமானதாக இருந்தது. 2014 ஆகஸ்ட் 1 அன்று தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் அதே நீதிமன்றம் அதை மாற்றியது: செக் எந்தக் கிளையின் மீது எழுதப்பட்டதோ அங்குள்ள கோர்ட்டில்தான் வழக்கு. ஓசூர் சப்ளையர் கோப்பைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு அலைய வேண்டி வந்தது; அங்கே வேறு வக்கீல், வேறு மொழி. 2015 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், பணம் பெற வேண்டியவரின் கணக்கு இருக்கும் கிளையை அடிப்படையாக்கி வழக்கை மறுபடி ஓசூருக்கே கொண்டுவந்தது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள். அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்தக் கணக்கு தெரியாமல் ‘அடுத்த வாரம் தந்துவிடுவார்’ என்று காத்திருக்கும் பட்டறைக்காரருக்கு, வக்கீலைப் பார்க்கும்போது கெடு கடந்திருக்கும்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டமும் அப்படியே. சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பெரிய ஆலையின் பர்ச்சேஸ் ஆர்டரில் ‘90 நாள்’ என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் 45 நாளே செல்லும். இது தெரிந்து கையெழுத்திடுவதற்கும் தெரியாமல் கையெழுத்திடுவதற்கும் நடுவே ஒரு பட்டறையின் நடைமுறை மூலதனமே இருக்கிறது.

செய்ய வேண்டியது

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. வணிக வரிச் செக்போஸ்ட்டுகள் போயின. எல்லையில் அதிகாரி பார்த்த காகிதத்தை இப்போது கணினி பார்க்கிறது. தவறைச் சுட்டிக்காட்டிக் கேட்க ஆள் இல்லை, நோட்டீஸ்தான் வருகிறது. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையும், ஓசூர் வட்டாரத்தில் மின்னணு ஆலைகளும் வந்துவிட்டன. சட்டத்தின் தேவை கூடியிருக்கிறது, வழி கூடவில்லை.

இலங்கையில் 1980-இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் சட்ட இளநிலைப் பட்டத்தையே தொலைவழியில் தருகிறது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிமாணவர்களுக்குத் தேர்வு நடத்துகிறது. தமிழ்நாடு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வழக்காடும் பட்டத்துக்கு நேரடி வகுப்பு இருக்கட்டும். தொழிலில் புழங்குபவருக்கான வணிகச் சட்டத்தை அதிலிருந்து பிரித்து, சான்றிதழ், டிப்ளமோ அளவில் தமிழில் தர வேண்டும். 1997-இல் தொடங்கிய டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் தெரியும். 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைவழி தெரியும். இரண்டும் கைகோத்து ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்த வேண்டும். ஒப்பந்தம், செக், ஜாப் ஒர்க், 45 நாள் விதி என்று ஆலை மேசையிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும். பாடத்திட்டத்தைப் பேராசிரியர்களோடு ஓசூர்ச் சிறுதொழில் சங்கத்தினரும் உட்கார்ந்து எழுத வேண்டும். அதுவரை, கரஸில் சேர நினைக்கும் ஊழியர் ஒன்றைத் தவறாமல் செய்யட்டும்: பணம் கட்டும் முன், அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு யுஜிசி ஒப்புதல் இருக்கிறதா என்று அதன் இணையதளப் பட்டியலில் பார்த்துவிட வேண்டும்.