போர்ப்பரியும் பந்தயப்பரியும்

மல்லேஸ்வரத்தில் வாழும் தமிழ் மக்கள் பலர், கிழக்கே சற்றுத் தொலைவிலுள்ள ஜயசாமராஜேந்திர நகர் வழியே சென்றிருப்பர். ஆங்கு மைசூர் லான்ஸர் குதிரைப்படையின் நினைவுச்சின்னம் நிற்பதை நம்மில் எத்தனை பேர் நின்று நோக்கியிருப்போம்?

1918 செப்டம்பர் 23ஆம் நாள், ஹைபா நகரைக் கைப்பற்ற ஜோத்பூர்ப் படையோடு இப்படையும் ஏவப்பட்டது. கார்மல் மலைமீது பகைவரின் பீரங்கிகள் இருந்தன. மைசூர் வீரருள் ஒரு பிரிவினர் அச்சரிவில் ஏறிச்சென்று அவற்றைத் தாக்கினர். வீரனின் துணிவு மட்டும் அங்குப் போதாது. அவன் குறிப்பறிந்து, கரடுமுரடான நிலத்தில் கால் தவறாது ஏறும் குதிரையும் வேண்டும்.

இத்தகைய திறனைச் சோதிக்கப் படைகளில் வகுத்த தேர்வே, 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போட்டியாயிற்று. ஒழுங்குநடை, தடைகள் நிறைந்த நெடுவெளி ஓட்டம், அரங்கில் தடை தாண்டல் என அது மூன்று உறுப்புடையது. 1948 வரை படையதிகாரிகளுக்கே உரியதாயிருந்த அப்போட்டியில், 1952 முதல் பிறரும் இடம் பெற்றனர்.

1982இல் டில்லி ஆசியப் போட்டியில் படைவீரர் ரகுபீர் சிங் தங்கம் வென்றார். 36 ஆண்டுகள் கழித்து, 2018இல் ஜகார்த்தாவில் தனியாட்டத்தில் வெள்ளி வென்றவர் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா. அவர் படைவீரர் அல்லர்.

இயந்திர ஊர்திகள் வந்தபின் போர்க்களத்தில் குதிரைக்கு வேலையில்லை. ஆயினும், மனிதனும் குதிரையும் ஒருவரையொருவர் நம்பும் அக்கலை அழியவில்லை. விளையாட்டு அதனைக் காத்தது. அடுத்தமுறை அவ்வழி செல்வோர், வீரரோடு அவர்தம் குதிரைகளையும் ஒருகணம் நினைப்பாராக.