வீடு கட்டும் பணம் யார் கையில்?

2022 மார்ச்சில் ஆர். பிரியா சென்னை மேயரானபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். ரிப்பன் மாளிகையில் முதல் தலித் பெண் மேயர். ஜெ. சிவசண்முகம் பிள்ளையும் என். சிவராஜும் அமர்ந்த நாற்காலி அது. அவர்களுக்குப் பின் எத்தனை பத்தாண்டுகள்! ஆனால் அந்த மேயர் வாசிக்கும் மாநகராட்சி பட்ஜெட்டில் சாலை இருக்கும், மழைநீர் வடிகால் இருக்கும், பள்ளிக் கட்டடம் இருக்கும். சேரி மக்களுக்கான வீடு இருக்காது. அது எப்போது அந்த மன்றத்தின் கையை விட்டுப் போனது?

1961இல் வீட்டுவசதி வாரியம் வந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம். இரண்டுமே மாநில அரசின் அமைப்புகள். குடிசை மாற்று வாரியத்தைக் குறை மட்டுமே சொல்லிவிட முடியாது. தொடக்க ஆண்டுகளில் அது குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கைவிட்டுப் போகவில்லை. அந்தப் பழைய குடியிருப்புகள் இன்று எவ்வளவு சிதிலமாக இருந்தாலும், நகரத்தின் நடுவே தலித்துகளுக்கு ஒரு முகவரி மிஞ்சியிருப்பதற்கு அவையும் காரணம்.

1973இல் மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. ஊழல் நடந்தது உண்மைதான். அதற்கான தண்டனை 23 ஆண்டுகள் நீடித்ததுதான் விந்தை. 1996 வரை தேர்தலே இல்லை, தனி அலுவலர்களின் ஆட்சி. நகரத்தின் வீட்டுக் கொள்கை தலைகீழாக மாறியது அந்த இடைவெளியில்தான். 1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. அரசு வீடு கட்டித் தர வேண்டாம், மனையும் வசதியும் கொடுத்து, செலவைத் தவணையில் திரும்ப வாங்கினால் போதும் என்பது அதன் வழி. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைகள் அப்படி வந்தவை. தவணை கட்ட முடிந்தவருக்கு அது நல்ல திட்டம். தினக்கூலிக்கு? இதைக் கேட்க ஒரு வார்டு கவுன்சிலர்கூட அன்று இல்லை.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது அட்டவணையில் உள்ள 18 பணிகளில் குடிசைப் பகுதி மேம்பாடும் ஒன்று. ஆனால் அவற்றை ஒப்படைப்பது மாநிலத்தின் விருப்பம். நம் மாநிலம் விரும்பவில்லை. மாநில சுயாட்சி பேசியவர்கள், ரிப்பன் மாளிகைக்கு அதே நியாயத்தைத் தர மறந்துவிட்டார்கள்!

பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் சுமார் 20,000 வீடுகள், எட்டு எட்டு மாடிகளாக. அவை கட்டப்பட்டது மாநகராட்சி எல்லையில் அல்ல, ஒரு கிராம ஊராட்சியில். நகரம் தன் துப்புரவுப் பணியாளர்களையும் வீட்டு வேலை செய்யும் பெண்களையும் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் அனுப்பியது. அவர்களுக்கான பொறுப்பையும் சேர்த்து அனுப்பிவிட்டது. கூவம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே ஏற்றிச் செல்லப்பட்ட ஆண்டுகளில் சென்னைக்கு மீண்டும் மேயர் இல்லை. 2016 அக்டோபர் முதல் 2022 வரை மன்றமே கிடையாது. இரண்டாவது முறையும் அதே கதை. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பணியின் நிமித்தம் இந்தக் குடியிருப்புகளுக்குப் போய்வருகிறேன். லிஃப்ட் நின்றால் வாரியத்திடம் போகச் சொல்கிறார்கள், பஸ்ஸுக்குப் போக்குவரத்துக் கழகம், குப்பைக்கு ஊராட்சி. ஆறாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு யாரிடம் மனு எழுதுவது என்று தெரியாமல், ஒரே மனுவை மூன்று முகவரிகளுக்கு எழுதியிருக்கிறேன். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மனுவின் முதல் வரியைத் திருத்திக்கொண்டோம்.