4294967297 (எண்)

4294967297 என்பது இரண்டின் 32 ஆம் அடுக்குடன் ஒன்றைக் கூட்டினால் (2³² + 1) கிடைக்கும் முழு எண் ஆகும். இதைப் பகா எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் டி பெர்மா நம்பினார். 1732 இல் லியோனார்டு ஆய்லர் இவ்வெண்ணை 641 × 6700417 என்று காரணிப்படுத்தி, அந்த நம்பிக்கை தவறு எனக் காட்டினார்.

பெர்மாவின் ஊகம்

1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துச் செல்லும் எண்களை இரண்டின் அடுக்காக இட்டு, ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவை பெர்மா எண்கள் எனப்படும். அவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள்: 3, 5, 17, 257, 65537. இவ்வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640 இல் பெர்மா தம் கடிதங்களில் எழுதினார். அதற்கு முறையான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் கூறினார். வரிசையில் அடுத்து வருவதே 4294967297.

ஆய்லரின் கண்டுபிடிப்பு

1729 இல் கோல்ட்பாக் எழுதிய கடிதம் ஒன்று இந்த ஊகத்தை ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இவ்வெண்ணின் வர்க்கமூலம் 65536 ஐச் சற்றுத் தாண்டுகிறது. அதுவரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டுமானால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் தேவை. ஆனால் இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64 ஆல் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும். இதை ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவதே விடை.

எளிய நிறுவல்

பெருக்கிப் பார்க்காமலே 641 இவ்வெண்ணை வகுக்கும் என்று காட்டலாம்.

641 = 5 × 2⁷ + 1 (அதாவது 640 + 1)
641 = 5⁴ + 2⁴ (அதாவது 625 + 16)

இரண்டாவதிலிருந்து 2⁴ = 641 − 5⁴. இருபுறமும் 2²⁸ ஆல் பெருக்க,

2³² = 641 × 2²⁸ − 640⁴
2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

640⁴ − 1 என்பதற்கு 640 + 1 ஒரு காரணி. எனவே வலப்புறம் முழுவதும் 641 ஆல் வகுபடும்.

பிற்கால வரலாறு

1796 இல் காசு, 17 பக்க ஒழுங்குப் பல்கோணத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டறிந்தார். பெர்மா எண் பகா எண்ணாக இருந்தால், அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணத்தை அவ்வாறு வரைய முடியும். 4294967297 பகு எண் என்பதால் அத்தனை பக்கங்கள் கொண்ட பல்கோணத்தை வரைய இயலாது.

முதல் ஐந்து பெர்மா எண்களையும் பெருக்கினால் 4294967295 கிடைக்கும். 32 பிட்டுகளில் கணினி எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண்ணும் இதுவே. நம் எண் அதைவிட 2 கூடுதல்.

முதல் ஐந்துக்குப் பிறகு இன்றுவரை வேறொரு பெர்மா பகா எண் கண்டுபிடிக்கப்படவில்லை. அடுத்து வரும் 28 எண்களும் பகு எண்களே என்று நிறுவப்பட்டுள்ளது. ஐந்து எடுத்துக்காட்டுகள் பொருந்தியதால் எழுந்த நம்பிக்கை ஆறாவது எண்ணிலேயே பொய்த்தது. அதை அறிய 92 ஆண்டுகள் ஆயின. எடுத்துக்காட்டுகள் எத்தனை பொருந்தினாலும் அவை நிறுவல் ஆகா என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இந்த ஓர் எண் போதும்.